தாவாச் சொத்து

சாரின் அலுவலகத்தில் சனிக்கிழமை மதியம் ஒரு கூத்து நடக்கும். அதற்கு ‘வாதம்’ என்று பெயர். கையிலிருக்கும் வழக்கு ஒன்றை எடுத்து, ஒரு ஜூனியரை இந்தப் பக்கமும் இன்னொரு ஜூனியரை அந்தப் பக்கமும் பேசவிட்டு, சார் நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். தோதான வழக்கு இல்லாத வாரத்தில் அலுவலகத்து ஆட்களின் சொந்த விவகாரமே வழக்காகிவிடும். குமாஸ்தா மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதெல்லாம் அந்த மேஜையில்தான் முடிவானது. ஒரே ஒரு விதி. யாருடைய விவகாரமோ அவர் வாய் திறக்கக் கூடாது. மூலையில் போட்டிருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவருக்குப் பெயர் தாவாச் சொத்து.

“வழக்குல இருக்கிற நிலம் எழுந்து நின்னு பேசி எங்கயாவது பார்த்திருக்கீங்களா?” என்பார் சார். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்காமல் இருக்கும் தைரியம் அந்த அறையில் யாருக்கும் வந்ததில்லை.

அந்த வாரம் ஸ்டூல் நோட்டீஸுக்கு.

அவளுடைய சொந்தப் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. வக்கீல் நோட்டீஸ் எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் அந்தப் பெயர். அதைத் தவிர வேறு எதையும் அவளிடம் கொடுத்ததுமில்லை. அவள் எழுதுவாள், சார் கையெழுத்துப் போடுவார், சாரின் மகன் கோர்ட்டில் நின்று பேசுவான். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். அப்பா, சாருக்குச் சொந்தமான அந்தக் கட்டடத்திலேயே, கீழே மாடிப்படிக்கு அடியில் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருந்தார். மேலே மகள் எழுதுவதைக் கீழே அப்பா நகல் எடுப்பார். குடும்பத்துக்கே வேலை கொடுத்திருக்கிறேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சார் சொல்லிக்கொள்வார்.

மேற்படிப்புக்கு அவள் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து இடம் வரும்வரை. ஒன்று பெரியது. பெயரைச் சொன்னாலே நீதிபதிகள் நிமிர்ந்து உட்காரும் பழைய இடம். அதில் கம்பெனிச் சட்டம். இந்த நாட்டிலிருந்து வருடத்துக்கு ஒரே ஒருவருக்குத்தான் முழு உதவித்தொகையோடு அங்கே இடம். இன்னொன்று சின்னது. போய்வந்தவர்களைத் தவிர யாருக்கும் பெயர் தெரியாது. அதில் சாட்சியச் சட்டம். அங்கேயும் செலவெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஏழை சொல்லும் சாட்சியை நீதிமன்றம் ஏன் நம்ப மறுக்கிறது என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஒரு பேராசிரியை அங்கே இருந்தாள். அவள் எழுதிய புத்தகத்தை அட்டை கிழியும்வரை நோட்டீஸ் படித்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் மனதுக்குள் பதில் தயாராகவே இருந்தது. சின்னதுதான். யாரிடமும் சொல்லவில்லை. சார் உட்கார் என்றார், ஒரு மதியம்தானே என்று உட்கார்ந்தாள்.

“குண்டூசி, நீ பெரியது. சின்னவரே, நீங்க சின்னது,” என்றார் சார். வீட்டில் ‘டேய்’ என்று கூப்பிடும் மகனை அலுவலகத்தில் ‘சின்னவரே’ என்பார்.

குண்டூசி இன்னொரு ஜூனியர். எதிராளிக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்து அங்கேயே குத்துகிறவள். அன்று எழுந்து, “பெரிய இடம். பெரிய பேரு. கிடைச்சா போகலாம். வேற ஒண்ணும் இல்லை சார்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டாள். காசு வாங்கிக்கொண்டு பிறழ்ந்த சாட்சிகூட இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கும்.

சின்னவர் எழுந்தான். கையில் குறிப்பு வைத்திருந்தான். அவன் குறிப்பு எடுத்து அவள் பார்த்ததே இல்லை.

“தாவாச் சொத்து மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் சொல்றேன். அந்தப் பெரிய இடத்துல ராத்திரிச் சாப்பாட்டுக்கே தனி உடுப்பு போட்டுட்டு வரிசையா உட்காரணுமாம். போன மாசம் ஜட்ஜ் வீட்டு விருந்துல நம்ம நோட்டீஸ் துணி நாப்கினை டிஷ்யூன்னு நினைச்சு, மூக்கைத் துடைச்சு குப்பைக் கூடையில போட்டாங்க.”

குமாஸ்தா குலுங்கினார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சிரிப்பை மறைக்க.

“இங்கிலீஷ் எழுதினா கண்ணுல ஒத்திக்கலாம். பேசினா காதைப் பொத்திக்கணும். அங்க யாரும் எழுதிக் காட்டுன்னு கேட்கப் போறதில்லை, எழுந்து நின்னு பேசுன்னுதான் சொல்லப் போறாங்க. கூடப் படிக்கிறவங்க எல்லாம் மந்திரி வீட்டுப் பிள்ளைங்க, கம்பெனி முதலாளி வீட்டுப் பிள்ளைங்க. அப்பா என்ன பண்றார்னு கேட்பாங்க. கேட்டா இவங்க சொல்லியாகணும். எவ்வளவு நல்லா எடுத்தாலும் ஜெராக்ஸ் ஜெராக்ஸ்தான் சார். தடவிப் பார்த்தாலே தெரிஞ்சுடும்.”

இந்தத் தடவை சார் மறைக்கவில்லை.

நோட்டீஸ் சுவரைப் பார்த்தாள். சுவரில் சாருக்கு யாரோ கொடுத்த நினைவுப் பரிசு மாட்டியிருந்தது. அதிலிருந்த ஒரு பித்தளைத் தராசின் தட்டில் சிலந்தி வலை. சரி, பேசித் தொலையுங்கள், எப்படியும் நான் சின்னதுக்குத்தான் போகப்போகிறேன் என்று பல்லைக் கடித்தாள். காதோரம் மட்டும் தீயாக எரிந்தது.

ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தால் சின்னவருக்கு வாய் நிற்காது. கோர்ட்டிலும் அப்படித்தான். வழக்குக் கட்டில் இல்லாத ஆவணத்தைப் பற்றிப் பேசி மாட்டிக்கொள்வான்.

“இவங்க விட்டுக்கொடுத்தா அந்த இடம் ஒண்ணும் வீணாகப் போறதில்லை,” என்றான். “காத்திருப்புப் பட்டியல்ல முதல் ஆள் பாஸ்போர்ட் முதற்கொண்டு எல்லாம் தயாரா வெச்சுட்டு உட்கார்ந்திருக்கார். இவங்க வேண்டாம்னு சொன்ன மறுநாளே அவருக்குக் கிடைச்சுடும்.”

குண்டூசி சட்டென்று நிமிர்ந்து, மறுபடி நகத்துக்குப் போனாள். நோட்டீஸ் ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

“சார், நிலம் எழுந்துடுச்சு,” என்றார் குமாஸ்தா.

“நான் வாதாடலை சார். குறுக்கு விசாரணை பண்ணிக்கிறேன்.”

சாருக்கு இந்த மாதிரி விளையாட்டு பிடிக்கும். தலையாட்டினார்.

“முதல் ஆளை உங்களுக்குத் தெரியுமா?”

“பொதுவா சொன்னேன்.”

“பொதுவா எல்லாருக்கும் பாஸ்போர்ட் தயாரா இருக்குமா?”

“இருக்கலாம். எனக்கெப்படித் தெரியும்?”

“அதைத்தான் நானும் கேட்கறேன். பட்டியல்ல யார் இருக்காங்க, எத்தனாவதா இருக்காங்கன்னு எனக்கே சொல்லலை. யாருக்கு மட்டும் சொல்லுவாங்க?”

சின்னவர் அப்பாவைப் பார்த்தான். அப்பா பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க சின்னவரே. யாருக்குச் சொல்லுவாங்க?”

“பட்டியல்ல இருக்கிறவங்களுக்கு.”

“எப்ப விண்ணப்பிச்சீங்க?”

“நீ போட்ட அன்னிக்கே,” என்றான். கழுத்து சிவந்திருந்தது.

அங்கேயே அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். சாட்சி விழுந்தபிறகு ஒரு கேள்விகூடக் கேட்காதே என்று ஜூனியர்களுக்கு சார் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது. அடுத்த கேள்வி உன் தலையில் விடியும் என்பார். ஆனால் அவளுக்கு நாப்கினும் ஜெராக்ஸும் தொண்டையில் நின்றன. சார் பக்கம் திரும்பினாள்.

“என்னை மூலையில உட்கார வெச்சு இவ்வளவும் பேசினது உங்க பையனுக்கு இடம் பிடிக்கத்தான். இந்த யோசனை உங்களுக்கு எப்ப வந்துச்சு சார்?”

சார் பேனாவை வைத்தார். கோபமே இல்லை. பரிதாபப்படுகிற முகம்.

“எனக்கு வரலைம்மா. உங்க அப்பாவுக்கு வந்துச்சு.”

சார் மகனைக் கை காட்டினார்.

“இவன் காத்திருப்புப் பட்டியல் கடிதத்தைக் கீழ நகல் எடுக்கக் கொடுத்திருக்கான். உங்க அப்பா பார்த்துட்டு நேரா மேல வந்தார். ‘பொண்ணுக்கு ரெண்டு இருக்குங்க ஐயா, ஒண்ணைச் சின்னவருக்கு விடச் சொல்லுங்க’ன்னார். நான் சொன்னா கேப்பாளான்னேன். ‘நேரா சொன்னா கேக்க மாட்டா, நாலு பேர் முன்னால வெச்சுச் சிரிங்க, அடங்கிடுவா’ன்னார்.” சார் ஃபைலை மூடினார். “தீர்ப்பு, சின்னது. டீ சொல்லுங்கப்பா.”

அவள் கீழே இறங்கிப் போனாள்.

அப்பா மெஷினுக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தார். எப்போதும்போல முனையைத் தட்டி ஒழுங்குபடுத்தி, ஊதி, உள்ளே தள்ளினார்.

“சார்கிட்டப் போனியாப்பா?”

“சொல்லிட்டாரா?” என்றார், ஏதோ தேதி கேட்பதுபோல.

“சிரிச்சா அடங்கிடுவேன்னு சொன்னியா?”

“சின்னதுலருந்து அப்படித்தானே. அடிச்சா எதிர்த்து நிப்பே. சிரிச்சா மூலைக்குப் போயிடுவே. பெத்தவனுக்குத் தெரியாதா?”

“என்னத்தைச் சிரிச்சாங்கன்னு தெரியுமா? உன்னைத்தான்.”

“என்னை எத்தனையோ பேர் சிரிச்சாச்சு. எனக்கு என்ன தேஞ்சா போச்சு?” மெஷின் மூடியைச் சாத்தினார். “உன் தம்பி படிப்பும் ஏறாம வேலையும் இல்லாமச் சுத்துறான். இந்தக் கடை இடத்தை அவன் பேருக்கு எழுதித் தரேன்னு ஐயா சொல்லியிருக்கார். மனசுல போட்டுக் குழப்பிக்காதே. உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.”

“எனக்கு நஷ்டமில்லைன்னு நீ எப்படிச் சொல்லுவே?”

“நீ சின்னதுக்குத்தானே போறதா இருக்கே? அந்தம்மா எழுதின புஸ்தகத்தைத் தலைமாட்டுல வெச்சுட்டுத் தூங்கறே. எனக்கு அந்த அளவுக்குப் படிக்கத் தெரியாது. உன் மூஞ்சியைப் படிக்கத் தெரியும். நீ திங்காத சோத்தைத்தான் எடுத்து அடுத்தவனுக்குப் போட்டேன்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். ‘உன் தம்பிக்காக விட்டுக்கொடும்மா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், முணுமுணுத்துவிட்டுக் கொடுத்திருப்பாள். கேட்பதைவிட நாலு பேரைச் சிரிக்க வைப்பது இவருக்குச் சுலபமாகப் பட்டிருக்கிறது.

அவள் போனை எடுத்தாள். பெரியதின் பக்கத்தைத் திறந்து, சம்மதம் என்ற கட்டத்தைத் தொட்டாள். உறுதிதானா என்று கேட்டது. உறுதி. சின்னதின் பக்கத்தைத் திறந்தாள். அங்கே காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருந்தது. அந்தப் பேராசிரியைக்கு எழுத அவளிடம் எவ்வளவோ இருந்தது. கட்டத்தைக் காலியாகவே விட்டு மறுப்பை அனுப்பினாள்.

“பெரியதுக்குப் போறேன்.”

அப்பா முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“அது உனக்குப் பிடிக்காதே.”

“பிடிக்காது.”

“அப்புறம் எதுக்கு?”

“சின்னவருக்கு அது கிடைக்கக் கூடாது. உனக்கும் இந்தக் கடை கிடைக்கக் கூடாது.”

“உன் தம்பி என்னடி பண்ணான்?”

“ஒண்ணும் பண்ணலை. அவனுக்காகத்தானே என்னை வித்தே. அவன்கிட்ட நீயே சொல்லிக்கோ.”

அப்பா கை துடைக்கும் துணியை எடுத்தார். விரலில் மை இல்லாத இடத்தையும் துடைத்தார். வயதானவர்போல ஆகிவிட்டார், அந்தக் கொஞ்ச நேரத்தில். அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயாகிட்ட யாரு சொல்றது?” என்றார்.

“வாக்குக் கொடுத்தவங்க சொல்லணும்.”

“நீயும் வாம்மா. நான் தனியாப் போனா என்னைக் கிழிச்சுடுவார்.”

“கிழிக்கட்டும்.”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறினார். பாதியில் நின்று திரும்பிப் பார்த்தார். அவள் அசையவில்லை. மேலே கதவு திறக்கும் சத்தம், சாரின் குரல், பிறகு அப்பா என்னவோ கெஞ்சும் குரல் கேட்டது. என்ன வார்த்தை என்று பிடிபடவில்லை. அவள் பிடிக்க முயலவும் இல்லை. ஒரு வருடம் முழுக்கக் கம்பெனிச் சட்டம் படிக்க வேண்டும் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

சட்டக் கல்லூரிப் பையைத் தோளில் மாட்டிய ஒரு பெண், சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அக்கா, இன்னிக்கே அனுப்பணும். எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு காப்பி.”

நோட்டீஸ் மெஷினை அணைத்தாள்.

“கடை மூடியாச்சு,” என்றாள்.