ரேமண்ட் கொடுத்த அவுட்

மார்ச் பிறந்தால் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஓர் அரிப்பு வந்துவிடும். ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடுவதற்குள், புளோரிடாவில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களை ரேடியோவில் பிடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான். பேஸ்பால் பருவத்தின் முதல் நாள் ஆட்டத்தை நாற்பத்தொரு வருடமாகத் தவறவிட்டதில்லை. முதுகில் அறுவை நடந்த வருடம்கூட இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

இந்த வருடமும் ரேடியோ ஓடியது. யார் அடித்தார், யார் ஓடினார் என்பதெல்லாம் காதில் விழுந்தது. அவ்வளவுதான். பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். போன செப்டம்பரில் எங்கள் ஊரின் கொக்குகள் அணி லீக்கின் இறுதி ஆட்டத்தில் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தது. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், ஏற்கெனவே இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. எங்கள் ஆள் மூன்றாவது பேஸிலிருந்து ஹோம் பிளேட்டை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வந்தான். அவன் பிளேட்டைத் தொட்டால் சமன்; அதற்குள் பந்து அவன் மேல் பட்டால் அவுட். பிளேட்டைக் காத்து நின்ற எதிரணி கேட்சர் பந்தோடு கையை அவன் மேல் போட்டான். புழுதி கிளம்பியது. அம்பயர் முஷ்டியை உயர்த்தி அவுட் என்றான். கோப்பை அடுத்த ஊருக்குப் போயிற்று.

அந்த அம்பயர் என் மகன் ரேமண்ட்.

என் இருக்கை ஹோம் பிளேட் பக்கம், மூன்றாவது வரிசை. கால் முதலில் பிளேட்டைத் தொட்டது. கேட்சரின் கை பிறகுதான் பட்டது. பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ரேமண்டும் கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் போனில் பேசினோம். எவ்வளவு பனி, கார் பேட்டரி எப்படி, இவ்வளவுதான் பேச்சு.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிகளில் இறைச்சி கூடாது என்று எங்கள் மாதா கோவில் கூடத்தில் மீன் வறுப்பார்கள். எங்கள் கோவாச் குடும்பம் முகத்தை ஒளித்துக்கொண்டது என்ற பேச்சு எழக்கூடாது. ஆகவே ஒரு வெள்ளியும் விடாமல் டை கட்டிக்கொண்டு போனேன்.

அன்று வறுக்கும் சட்டியருகே ஆர்லோ நின்றிருந்தான். மைதானத்தில் முப்பது வருடமாக என் பக்கத்து இருக்கைக்காரன்.

"வாய்யா எமில். தட்டுல மீன் விழுந்துச்சா, இல்லையா? எதுக்கும் உன் பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

வரிசை முழுக்கச் சிரித்தது.

"முள்ளை எடுத்துட்டுப் போடு. அது போதும்" என்றேன்.

முட்டைக்கோஸ் பரிமாறிக்கொண்டிருந்த ஐரீன், "வயசுல பெரியவர்கிட்ட இப்படியா பேசுவே?" என்று அவனை அதட்டினாள்.

"வயசானவர்னுதான் மெதுவா பேசறேன், ஐரீன்." அவன் என் பக்கம் குனிந்தான். "ஏப்ரல் நாலு, முதல் ஆட்டம். பிளேட்டுக்குப் பின்னால அம்பயரா யாரைப் போட்டிருக்காங்க தெரியுமா? ரேமண்டைத்தான். லீக் ஆபீஸ்ல என் மச்சான் சொன்னான். ஊரே தொண்டையைத் தீட்டிக்கிட்டு இருக்கு." பிறகு குரல் இறங்கியது. "நீ அவ்வளவு கிட்ட இருந்தியே. எனக்கு உன் தோள் மறைச்சிருச்சு. ஒரே வார்த்தை சொல்லுய்யா. தொட்டானா?"

"மீன் ஆறுது" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலில் ரேமண்டின் கார் நின்றது. இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். சமையலறையில் உட்கார்ந்தோம். கோட்டைக் கழற்றாமலே இருந்தான்.

"ஏப்ரல் நாலு விஷயம் கேள்விப்பட்டிருப்பீங்க."

"கேள்விப்பட்டேன்."

"வரமாட்டேன்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன், அப்பா. அந்த ஆட்டம் மட்டும் இல்ல. அம்பயர் வேலையே வேண்டாம்னு."

"ஏன்?"

"நீங்க ஒண்ணு சொல்லணும். ஊர் சொல்றது எனக்கு வேண்டாம். அவன் சேஃபா, அவுட்டா?"

"நீ என்ன பார்த்தே?"

"ஒண்ணும் பார்க்கல. கேட்சர் முதுகைப் பார்த்தேன். புழுதியைப் பார்த்தேன். தெரியலைன்னா நம்ம ஊருக்கு எதிரா குடுத்துடணும்னு கை தானா போயிருச்சு. சின்ன வயசுலேருந்து நீங்க சொன்னதுதானே. கோவாச் வீட்டுப் பையன் தன் ஆளுக்குச் சாதகமா நின்னான்னு எவனும் சொல்லிடக்கூடாதுன்னு."

அவன் சொன்னது உண்மை. பெருமையாகவே சொல்லியிருக்கிறேன், பலமுறை, பலர் முன்னால். இப்போது நெஞ்சில் ஏதாவது உறைக்கும் என்று காத்திருந்தேன். எதுவும் உறைக்கவில்லை. அவன் பூட்ஸிலிருந்து உருகிய பனி தரையில் பரவி மேசைக்காலைச் சுற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவுட் என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. சொன்னால் நம்பிவிடுவான். மகன் தலை நிமிரும், குடும்பப் பேரும் நிற்கும். ஆனால் அப்பன் சொன்ன பொய்யின் மேல்தான் இனி ஒவ்வொரு ஆட்டத்திலும் நிற்பான்.

"சேஃப்" என்றேன். "சந்தேகமே இல்ல. கால் முன்னாலேயே பட்டுருச்சு."

தலையை ஆட்டினான். வெகுநேரம் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ஆறு மாசமா வாயைத் திறக்கலையே, அப்பா."

"நீ கேட்கல." அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. "தப்புல பாதி என்னோடது. சின்ன வயசுல நான் சொன்னதைத் தூக்கிப் போடு. பார்க்காத அவுட்டைக் குடுக்காதே. நம்ம ஊரானாலும் சரி, எவன் ஊரானாலும் சரி."

இந்த வீட்டில் தப்பு என்னுடையது என்று என் வாயால் நான் சொன்னது அதுவே முதல் தடவை.

"அப்போ போகச் சொல்றீங்களா?"

"அது உன் தொழில். நான் என் இடத்துல உட்கார்ந்திருப்பேன்."

"கத்துவாங்க. உங்க காதுல விழற மாதிரியே கத்துவாங்க."

"நீ தப்பா குடுத்தா நானும் கத்துவேன். டிக்கெட் வாங்கினவன் நான்."

சிரிப்புபோல ஏதோ அவன் மூக்கில் வந்து போனது. "போறேன்" என்றான். வீட்டுக்கா, ஆட்டத்துக்கா என்று நான் கேட்கவில்லை. வாசலில் திரும்பி நின்று, "நாலாம் தேதி குளிரும். கம்பளி எடுத்துட்டு வாங்க" என்றான்.

கார் தெருமுனை திரும்பியதும் ஆர்லோவுக்குப் போன் செய்தேன்.

"அவன் தொட்டுட்டான். என் பையன் குடுத்தது தப்பு. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு."

மறுமுனையில் தட்டுகளை அடுக்கும் சத்தம் நின்றது. சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

"எமில்," என்றான் ஆர்லோ கடைசியில். "நாலாம் தேதி நான் உன் பக்கத்துல உட்காரலாமா?"

"அது உன் இருக்கை" என்றேன்.