மூன்று வருஷமும் முப்பத்துநாலு

"சோம்பேறியா? என் வீட்டு நாற்காலியில உக்காந்துக்கிட்டு, என் டீயைக் குடிச்சுக்கிட்டு, என் புள்ளையச் சோம்பேறிங்கிறீங்களா?"

"நான் சொல்லலை மேடம். அவனேதான் சொன்னான்."

"அவன் சொல்லுவான்! அவனப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

ஒடெஸா டில்லரியின் குரல் இந்த உயரத்துக்குப் போனால் எங்கள் கார்வர் தெருவில் நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிடும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது வருஷமாகக் கணக்கு டீச்சர். புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது; இருப்பது ஒரே மகன், டெவரிக். நான் எதிர்வீடு. அன்றைக்கு அவளுடைய கேக் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். பாத்திரம் ஈஸ்டருக்கு முன்பிருந்தே என்னிடம்தான் கிடந்தது. அவள் வாசலில் வெளியூர் நம்பர் கார், மேலெல்லாம் பைன் மரத்தின் மஞ்சள் மகரந்தத் தூளோடு வந்து நின்ற பிறகுதான் அதைக் கொடுத்துவிட வேண்டுமென்று எனக்குத் தோன்றியது.

காரில் வந்தவர் பெயர் ஹால் பிரானக். வெள்ளைக்காரர், அறுபது வயதிருக்கும், வாயில் எப்போதும் ஒரு பல்குத்தும் குச்சி. வடக்கே ஒரு பெரிய ஃபுட்பால் அணிக்கு ஆள் தேர்ந்து சொல்லும் ஸ்கவுட். ஏப்ரல் கடைசியில் முப்பத்திரண்டு அணிகளும் ஏழு சுற்றாக முறைவைத்துக் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கியெடுக்கும் டிராஃப்ட் வருமல்லவா, அதற்கு முன்னால் இவரைப் போன்றவர்கள் மிசிசிப்பி முழுக்க அலைவார்கள். பையனின் கை நீளத்தை அளப்பார்கள். நாற்பது கெஜம் ஓடவிட்டு நொடி பார்ப்பார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. அதுவும் போதாமல் அவன் முடி வெட்டிக்கொள்கிற கடை, பள்ளிக்கூடச் சமையல்கட்டு, எதிர்வீடு என்று போய்க் குணத்தை விசாரிப்பார்கள். முந்தின வாரம் என்னிடமும் வந்திருந்தார். அவர் கேட்டது நாலு கேள்வி. நான் பதில் சொன்னது ஒன்றரை மணி நேரம்.

டெவரிக் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறரை அடி, முந்நூற்றுப் பத்து பவுண்டு. சோபாவின் மறுகோடி தூக்கிக்கொண்டு நின்றது. எங்கள் ஃபுட்பாலில் காலைவிடத் தலைக்கும் தோளுக்கும்தான் வேலை அதிகம். பந்தை எறிகிறவனுக்கு முன்னால் சுவராக நிற்பது இவன் வேலை. பாய்ந்து வருகிறவர்களை ஒரு ஆட்டத்துக்கு அறுபது, எழுபது தடவை முட்டி நிறுத்துவான்.

"கொஞ்சம் பொறுமையா கேளுங்க மேடம்," என்றார் பிரானக். "ஆட்டத்தைப் போர்டுல வரைஞ்சு காட்டச் சொன்னா பதினோரு பேரையும் ஒரு அடி பிசகாம வரையறான். ஆனா காலேஜ்ல எழுதுன ஞாபகப் பரீட்சையில அறுபதுக்கு முப்பத்துநாலு. எங்க ஆளுங்க ஏன்னு கேக்குறாங்க. மூளை மந்தம்னா எடுக்கத் தயங்குவாங்க. சோம்பல்னா நாலாவது சுத்துல எடுத்துருவாங்க. சோம்பலை எங்க கோச்சுங்க ரெண்டே வாரத்துல விரட்டிருவாங்க."

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதை அவர் வாயால் சொல்லவில்லை.

அந்தப் பரீட்சை ஒவ்வொரு ஆகஸ்டிலும், ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால், கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து நடத்துவது. சொற்களைக் காட்டி மறைப்பார்கள், உருவங்களைக் காட்டி மறைப்பார்கள், என்ன பார்த்தாய் என்பார்கள். பிறகு எப்போதாவது தலையில் அடிபட்டால் அதே மாதிரிப் பரீட்சை மறுபடியும். ஆகஸ்டில் வாங்கியதைவிட மார்க் இறங்கியிருந்தால், ஏறும்வரை வெளியே உட்கார வேண்டும். ஆகஸ்டிலேயே வேண்டுமென்று குறைத்து வாங்கிவைத்தவனுக்கு இறங்க இடமே கிடையாது. எத்தனை அடி பட்டாலும் ஆடிக்கொண்டே இருக்கலாம். எங்கள் ஊரில் ஆட்டக்காரப் பையன் இருக்கிற எல்லா வீட்டுக்கும் இந்தத் தந்திரம் தெரியும். ஒடெஸாவுக்கு மட்டும் தெரியாது. உன் மகன் தெரிந்தே தப்பாக எழுதுகிறான் என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது? எனக்கும் தெரியும். நானும் சொல்லவில்லை.

"ஆமா சார், சோம்பேறிதான்!" என்று சமையலறை வாசலிலிருந்து குரல் கொடுத்தாள் கார்லிஸ். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண். கிறிஸ்துமஸுக்கு டெவரிக் அவளுக்கு நிச்சயதார்த்த மோதிரம் போட்டிருந்தான். "காலையில எழுப்புறதுக்குள்ள என் உயிர் போயிரும். போட்ட சாக்ஸ் போட்ட எடத்துலயே கெடக்கும். மிஸ் வெர்டெல்லையே கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அவன் புல்லு வெட்டி நான் பாத்ததே இல்ல," என்றேன். போன சனிக்கிழமைதான் என் வீட்டுப் புல்லை வெட்டிக் கொடுத்திருந்தான்.

"வெர்டெல், நீ பாத்திரத்தை வச்சிட்டுக் கெளம்பு," என்றாள் ஒடெஸா. நான் பாத்திரத்தை வைத்தேன். கிளம்பவில்லை.

"அம்மா, விடுங்க," என்றான் டெவரிக். "நான்தான் சொல்றேனே. அன்னைக்கு தூக்கம். கவனிக்காம எழுதுனேன்."

"நீ பேசாத! நூத்திரண்டு டிகிரி காய்ச்சல்ல பஸ் ஏறப் போனவன் நீ. ஒரு நாள் லீவு உண்டா உனக்கு? சார், காட்டுங்க அந்தப் பேப்பரை."

"அது வெளியாளுக்குக் காட்டுறதில்ல மேடம்."

"நான் அவனைப் பெத்தவ. காட்டுங்க."

பிரானக் குச்சியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஏன் நீட்டினார் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வீட்டு வரவேற்பறைகளில் உட்கார்ந்தவருக்கு, யாரைப் பேசவிட்டால் எது வெளியே வரும் என்று தெரியாமலா இருக்கும்?

ஒடெஸா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கை தானாகப் போய்க் கொண்டையில் செருகியிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தது. தாளில் மூன்று வருஷத்து மார்க்குகளும் இருந்தன, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக. அவள் ஓரத்தில் சின்னச் சின்னதாக எண் போட்டாள். கார்லிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

ஒடெஸாவின் முகம் மலர்ந்தது. வகுப்பில் ஒரு பையன் சரியான விடை சொன்னால் மலருமே, அப்படி.

"உங்க ஆபீஸ்ல கணக்குப் படிச்சவங்க யாரும் இல்லையா சார்? சோம்பேறி மார்க் ஒரு வருஷம் முப்பது வரும், ஒரு வருஷம் நாப்பத்தஞ்சு வரும். குதிக்கும். இது குதிக்குதா பாருங்க! மூணு வருஷமும் முப்பத்துநாலு. கேள்வி மாறியிருக்கு, மார்க் மாறலை. ஒவ்வொரு பகுதியிலயும் எண்ணி வச்ச மாதிரி அதே அளவு தப்பு. இப்படித் தப்பு போடணும்னா அறுபது விடையும் தெரிஞ்சிருக்கணும். என் புள்ள மந்தமும் இல்ல, சோம்பேறியும் இல்ல. அவன் இதை வேணும்னே..."

அங்கே நின்றுவிட்டாள்.

பேனா தாளின் மேலேயே நின்றது. மை ஒரு பொட்டாக ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

"எதுக்குடா?" என்றாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

 பிரானக்தான் கேட்டார், "எத்தனை தடவை தம்பி?"

"ரெண்டு தடவை சார். சின்ன அடி."

"அஞ்சு," என்றாள் கார்லிஸ்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பொய் பிடிபட்டவன் பார்க்கிற பார்வை இல்லை அது. "அஞ்சா?" என்று நிஜமாகவே கேட்டான்.

"நவம்பர்ல ஆட்டம் முடிஞ்சு வந்து பழைய அபார்ட்மென்ட் கதவைத் தட்டுனியே, ஞாபகம் இருக்கா? நாம அங்கருந்து காலி பண்ணி ஒரு வருஷம் ஆச்சு. சாவி சேரலைன்னு அந்த வீட்டுக்காரனோட சண்டை போட்டிருக்க. அவன்தான் எனக்கு போன் பண்ணான்."

"அது தூக்கக் கலக்கம்னு சொன்னியே நீ."

"நான்தான் அப்படிச் சொன்னேன். இந்த ஒரு வருஷம் ஆடி முடிச்சிர்றேன்னு நீ என்கிட்ட கெஞ்சுனதால சொன்னேன்."

பிரானக் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். அப்போது ஒடெஸா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தத் தாளை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

"சார், நான் தப்பாப் போட்டுட்டேன். இந்தக் கண்ணாடி பழசு. ரெண்டாம் வருஷம் முப்பத்துநாலு இல்ல, முப்பத்தொம்பதுன்னு நெனக்கிறேன். அவன் சோம்பேறிதான் சார். சின்னதுலருந்தே. எழுதிக்குங்க. நானே சொல்றேன், பெத்தவ சொல்றேன், சோம்பேறி."

ஊரில் ஒரு மார்க்குக்காகப் போதகரின் மகனையே மறுவருஷம் உட்காரவைத்தவள். அவள் அப்படிப் பேசியதைக் கேட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் அந்த இடத்தில் இல்லாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

"உங்க கணக்கு சரிதான் மேடம்," என்றார் பிரானக். "அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எங்க டாக்டர் வேணாம். உங்களுக்குன்னு ஒருத்தர்கிட்ட போங்க."

அடுத்த வாரம் ஜாக்சனில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனார்கள். ஒடெஸா என்னிடம் மூச்சு விடவில்லை, கார்லிஸ்தான் சொன்னாள். அங்கேயும் அதே மாதிரிப் பரீட்சை, அறுபது கேள்வி. "இந்தத் தடவை முழு மனசோட எழுதுடா," என்று ஒடெஸா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்து உள்ளே அனுப்பினாள். ஐம்பத்தெட்டுக்குக் குறையாது என்று கார்லிஸிடம் சொல்லிக்கொண்டே காத்திருந்தாளாம். நாற்பத்தொன்று வந்தது. தூக்கம் சரியில்லை என்று இன்னொரு நாள் போய் எழுதினான். நாற்பது. இனி ஒரு அடி பட்டால் எப்படி இருப்பான் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில் பெட்ரோல் பங்கில் இறங்கிய ஒடெஸா, கழிப்பறையிலிருந்து அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

ஆனாலும் டிராஃப்டுக்குத் தெருவையே கூப்பிட்டாகிவிட்டது. சொல்லிவைத்த மீனைத் திருப்பி அனுப்ப அவளால் முடியவில்லை. வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். உருளைக்கிழங்கு சாலட், பொரித்த கெளுத்தி மீன், யார் யாரோ கொண்டுவந்த கேக். நாலாவது சுற்று போயிற்று. ஐந்து, ஆறு, ஏழு. டெவரிக் கல்லூரியில் குப்புறத் தள்ளிய பையன்களின் பெயரெல்லாம் வந்தது. பிரானக் எழுதியது ஒரு அணிக்குத்தான் போயிருக்க வேண்டும், ஆனால் முப்பத்திரண்டு அணிகளும் வாயை மூடிக்கொண்டன. எங்கள் தெருவைவிட வேகமாகச் செய்தி பரவுகிற இடமும் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அவன் போன் அடித்தது. யாரும் எடுக்காமல் மிஞ்சிய பையன்களை அணிகள் கோடைப் பயிற்சிக்குக் கூப்பிடுவதுண்டு. ஓஹையோவிலிருந்து ஒரு அணி. விஷயம் தெரியாமல் கூப்பிட்டார்களா, தெரிந்தும் பரவாயில்லை என்று கூப்பிட்டார்களா, அது அவர்களுக்கே வெளிச்சம். அவன் மாமன் மகன்கள் இரண்டு பேர் துள்ளி எழுந்தார்கள்.

டெவரிக் போனைக் காதில் வைத்தபடி அம்மாவைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது போயிருப்பான் என்று நினைக்கிறேன். அவள் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது.

"சார், ரொம்ப நன்றி," என்றான் டெவரிக். "என் தலை சரியில்ல சார். நாப்பத்தொண்ணுதான் வருது."

எதிர்முனையில் இருந்தவர் எது நாற்பத்தொன்று என்று கேட்கவில்லை போலிருக்கிறது. சரி தம்பி, உடம்பைப் பாத்துக்கோ என்று வைத்துவிட்டார். அறையில் இருந்த இருபது பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம். மீன் ஆறிப்போயிருந்தது.

ஜூன் மாதம் கார்லிஸ் அவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளுடைய அம்மா சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனாள். இரண்டு பேரும் ஹேட்டிஸ்பர்குக்குக் குடிபோனார்கள். அவனுக்கு அங்கே டயர் கிடங்கில் வேலை. காலையும் மாலையும் கார்லிஸ்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறாள். பிரானக் அந்த வருஷத்தோடு வேலையை விட்டுவிட்டு அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். அடுத்த மார்ச்சில் ஒடெஸாவும் வேலையை ராஜினாமா செய்து, வீட்டை விற்றுவிட்டு, மகன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போய்விட்டாள். மருமகளுக்கு அது பிடிக்கவில்லை என்று கேள்வி. எதிர்வீட்டுக்கு இப்போது மெரிடியனிலிருந்து ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது, விசாரித்துவிட்டேன்.