சந்தனமாரி கட்டிய பாட்டு

1943-ல் தூத்துக்குடியில் கொட்டகை போட்டிருந்த வீரபாகுவின் நாடகக் கம்பெனிக்குச் சந்தனமாரிதான் கதாநாயகி. உடன்குடிக்காரி; இருபத்திரண்டு வயது. பாடுவதோடு பாட்டையும் தானே கட்டுவாள். சொல்லும் மெட்டும் அவளுக்குச் சேர்ந்தே வரும்.

ஒருநாள் துறைமுகச் சாலைக் காப்பிக் கடையில் கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. அவள் குரல், அவள் கட்டிய பாட்டு. போன வருடம் மதராசுக்குப் போய்ப் பாடிக் கொடுத்தது. இசைத்தட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். இயற்றியவர் வீரபாகு என்றிருந்தது. பாடியவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனியின் பெயர்.

நேரே வீரபாகுவிடம் போனாள்.

"அண்ணாச்சி, பாட்டு நான்லா கட்டுனேன்? உங்க பேரப் போட்டிருக்கு!"

அவர் வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கம்பெனிச் சோத்தத் தின்னு கட்டுன பாட்டு கம்பெனிக்குத்தாம்ளா சொந்தம். கையெழுத்துப் போட்டிருக்கேல்லா?"

வக்கீல் குமாஸ்தா ஞானையாவிடம் போனாள்; அவர் ஒப்பந்தத்தைப் படித்துச் சொன்னார். இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அவள் கட்டும் பாட்டெல்லாம் கம்பெனிக்கு. இடையில் விலகினால் வேறெந்த மேடையிலும் பாடக் கூடாது.

"மேடையில வசனம் பேசலாம் தாயி. பாடத்தான் கூடாது."

"நோட்டீஸ் அடிக்கன்னு சொல்லில்லா கையெழுத்து வாங்குனாவ!"

"அதுக்குச் சாட்சி யாரு இருக்கா?"

அதன்பின் அவள் பாட்டுக் கட்டவில்லை. புது நாடகத்துக்குக் கேட்டபோது, "வரல" என்றாள். வீரபாகு அவளை உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் மாடி அறையில் விட்டு வெளியே பூட்டினார். "வந்ததும் கதவத் தட்டு."

இரண்டு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோணிகளில் மூட்டை ஏறுவதைப் பார்த்து நின்றாள். எவ்வளவு அடக்கியும் மூன்றாம் நாள் ஒரு மெட்டு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நல்ல மெட்டு, அதுதான் கொடுமை. கதவைத் தட்டினாள்.

புது நாடகம் அரங்கேறிய அன்று, பாட்டின் முதல் வரியைப் பாடியதும் நிறுத்தினாள். ஆர்மோனியக்காரர் திகைத்துப் பார்த்தார்.

"இந்தப் பாட்ட நாந்தான் கட்டுனேன். தட்டுல கேக்கியளே, அதும் நான் கட்டுனதுதான். எம்பேரு சந்தனமாரி."

தரை டிக்கெட்டிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "பாடுளா!"

பாடி முடித்தாள்.

மறுநாள் நோட்டீசிலும் வீரபாகுவின் பெயர்தான். கதாநாயகி வேடம் வேறொருத்திக்குப் போனது. சந்தனமாரி படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, புதியவளின் வாயசைப்புக்குப் பாடினாள். நாலு வருடமும் அப்படியே கழிந்தது.

ஒப்பந்தம் முடிந்து, திருச்செந்தூர் மாசித் திருவிழாவில் தனியாக முதல் கச்சேரி. "கிராமபோன் பாட்டப் பாடும்மா!" என்றது கூட்டம். அவற்றைப் பாட இன்னமும் அவளுக்கு உரிமையில்லை. அன்று காலையில் கட்டிய ஒன்றைப் பாடினாள். பாதிப் பேர் எழுந்து போனார்கள். மிச்சமிருந்தவர்கள் மணலில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் அடுத்த பாட்டுக்குச் சுருதி கேட்டாள்.