விலகும் காரணம்

மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தைத் திறந்து, கார்பன் தாள்கள் இரண்டையும் செருகி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள் ஆபீசம்மா. பன்னிரண்டு வருடமாகச் செய்கிற வேலை. இந்தப் பள்ளியை விட்டுப் போகிற எந்தப் பிள்ளையானாலும் இவள் கையெழுத்தில்தான் போக வேண்டும். முத்து முத்தான எழுத்து என்று தலைமையாசிரியை வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொள்வார். இன்று எழுத வேண்டியது அவள் மகளின் பெயர்.

"விலகும் காரணம்னு இருக்கிற இடத்துல 'பெற்றோர் விருப்பம்'னு போட்ருங்க," என்றார் தலைமையாசிரியை. குரலில் அப்படியொரு கனிவு. "பாப்புவுக்கும் அதுதான் நல்லது. வெளிய யாருக்கும் தெரியாம முடிஞ்சுரும்."

பாப்புவுக்குப் பதினாறு வயது, பத்தாம் வகுப்பு. வயிற்றில் ஐந்து மாதம். பொதுத் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம்தான். இப்போது பெயரை அடித்துவிட்டால் தேர்வு எழுத முடியாது. அப்புறம் கைக்குழந்தையோடு போய் நின்றால் எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? ஆபீசம்மாவுக்கு இது தெரியாததல்ல. இதே புத்தகத்தில், இதே மேஜையில் உட்கார்ந்து, இரண்டு பெண்களுக்கு 'பெற்றோர் விருப்பம்' என்று அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். எழுதும்போது, எந்த லட்சணத்தில் வளர்த்தார்களோ என்று மனசுக்குள் அந்தத் தாய்மார்களைத் திட்டவும் செய்தாள். அதில் ஒருத்தியை இப்போதும் பேருந்து நிலையத்தில் பார்ப்பதுண்டு. துடைப்பமும் கையுமாக நிற்பாள். பார்த்ததும் இவள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாப்புவிடம், "மாதவிலக்கு நின்னு இத்தனை மாசமாச்சே, அம்மாகிட்டச் சொல்லலையா?" என்று கேட்டார். "படிப்பு டென்ஷன்ல நின்னுருச்சுன்னு நெனச்சேன் டாக்டர். தொல்லை விட்டுச்சுன்னு சந்தோஷமாகூட இருந்துச்சு," என்றாள் பாப்பு. கூடப் படிக்கிற பையன் ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது என்று சொன்னானாம். அவனுக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? திரும்பி வரும் பேருந்தில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவள், திடீரென்று அம்மாவின் காதருகே வந்து கேட்டாள்: "அம்மா, தொப்புள் வழியாத்தான வெளிய வரும்? வலிக்குமா?"

"வாய மூடு. ஆளுங்க பாக்குறாங்க," என்றாள் ஆபீசம்மா. யாரும் பார்க்கவில்லை. பார்த்தால்தான் என்ன? பெற்று வளர்த்தவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி நெஞ்சில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. பஸ் ஓட்டும் அப்பன்காரன் விஷயம் தெரிந்த நாளிலிருந்து டிப்போவிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறான். மகள் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை. "நீ ஸ்கூல்லதான இருக்க? என்னத்தப் பாத்துக்கிட்டிருந்த?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? பசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்றைக்கோ ஒரு அப்பா வந்து, பிள்ளைகளைக் கெடுக்கிற பாடம் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனதிலிருந்து பள்ளியில் ஒரு வழக்கம். புதுப் புத்தகக் கட்டுகள் வந்து இறங்கியதும், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்கள் மட்டும் ஆபீசம்மாவின் மேஜைக்கு வந்துவிடும். இனப்பெருக்கப் பாடத்தின் நான்கு பக்கங்களையும் பசை தடவி ஒன்றாக ஒட்டி, மேலே பெஞ்சுக்கட்டையை வைத்து அழுத்திக் காயவைத்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். சயின்ஸ் மிஸ், "அது பரீட்சைக்கு வராது" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவாள். சுருக்கம் விழாமல், அட்டை மாதிரி ஒட்டுவதில் ஆபீசம்மாவை மிஞ்ச ஆளில்லை. இந்த வருடம் பாப்புவுக்கென்று மடிப்பில்லாத புத்தகமாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். தன் பிள்ளை ஆயிற்றே என்று அதற்கு மட்டும் இரண்டு தடவை பசை போட்டாள்.

சொந்தக் கையை வெட்டி எறியலாம் போலிருந்தது.

"என்ன யோசனை? எழுதுங்க," என்றார் தலைமையாசிரியை. சயின்ஸ் மிஸ் பீரோ ஓரமாக நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பையனுக்கும் நான்தான எழுதணும், மேடம்? ரெண்டையும் சேத்தே எழுதிர்றேன்."

"அவன எதுக்கு இழுக்கறீங்க? முதல் பெஞ்சுப் பையன். நம்ம ஸ்கூல் பேரச் சொல்ற அளவுக்கு மார்க் வாங்குவான். ஒரு பையனோட எதிர்காலம்..."

"என் பொண்ணுக்கு எதிர்காலம் கிடையாதா? அவளுக்கு இருந்தத எங்க கொண்டுபோய் வச்சீங்க?"

"சத்தம் போடாதீங்க. அவனுக்கு வயிறா தள்ளுது, எல்லாரும் பாக்குறதுக்கு? இத்தனை பிள்ளைங்க நடுவுல இவள எப்படி உக்கார வைக்க முடியும்? நாளைக்கு நாலு பேர் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

கேட்பார்களாம். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே! நாலு பேர் நாலு பேர் என்றே பன்னிரண்டு வருடம் பூசி மெழுகியாகிவிட்டது. அந்த நாலு பேரில் ஒருத்தராவது பிரசவ வார்டில் வந்து இவள் மகளின் கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்களா? ஆபீசம்மா பேனாவை எடுத்தாள். பெயர், பிறந்த தேதி, வகுப்பு எல்லாம் வழக்கம்போல முத்து முத்தாக விழுந்தன. கார்பனில் பதிய வேண்டும் என்பதால் எப்போதும் அழுத்தித்தான் எழுதுவாள். இன்று மேஜையே அதிர்ந்தது. எழுதி முடித்துப் புத்தகத்தை அப்படியே திருப்பித் தலைமையாசிரியை முன்னால் நகர்த்தினாள்.

அவர் கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. சயின்ஸ் மிஸ் எட்டிப் பார்த்தாள்.

விலகும் காரணம்: 'இனப்பெருக்கப் பாடத்தின் நான்கு பக்கங்களைப் பள்ளி உத்தரவின்படி பசை வைத்து ஒட்டிக் கொடுத்தோம். ஒட்டியவள் மாணவியின் தாய்.'

"உங்களுக்குப் பைத்தியமா?" தலைமையாசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. "இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"போடாதீங்க. நீங்க போடலைன்னா இது செல்லாது. அவ பேரு வருகைப் பதிவுலயே இருக்கும்."

"கிழிச்சுட்டு வேற எழுதுங்க."

"கிழிக்க முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்." ஒவ்வொரு தாளிலும் வரிசை எண் அச்சடித்திருந்தது. தப்பாகப் போனாலும் குறுக்கே கோடு போட்டு மூன்று பிரதியையும் புத்தகத்திலேயே வைத்திருக்க வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் புரட்டுவதே இதைத்தான். "அடுத்த தாள எடுத்தாலும் இதையேதான் எழுதுவேன். அதுக்கடுத்த தாள்லயும். வேற ஆள வச்சு எழுதுனாலும் இந்தத் தாள் இங்கயேதான் இருக்கும்."

"வேலை போயிரும், தெரியுமா?"

"போகட்டும். போறப்ப வேற யார்கிட்டயாவது பசை டப்பாவக் குடுத்துட்டுப் போறேன்."

தலைமையாசிரியை சயின்ஸ் மிஸ்ஸைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். ஆபீசம்மாவுக்கு அதைப் பார்த்ததும்தான் அசல் கோபம் வந்தது. படித்தவள், உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று பட்டம் வாங்கியவள், இப்போதும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளே!

"மேடம், அவள எப்படி உக்கார வைக்க முடியும்னு கேட்டீங்கல்ல? வாங்க, காட்டறேன்."

யாரும் வரக் காத்திராமல் ஆபீசம்மா வராண்டாவில் விறுவிறுவென்று நடந்தாள். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அனுமதி கேட்காமல் உள்ளே போனாள். கணக்கு சார் சாக்பீஸும் கையுமாக அப்படியே நின்றார். முதல் பெஞ்சுப் பையன் நோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். மூன்றாவது வரிசையில், மேஜை விளிம்பு வயிற்றில் இடிக்காமலிருக்க ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள் பாப்பு. அம்மாவைப் பார்த்ததும், போகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பைய வை. எந்திரிச்சு நில்லு."

அவள் எழுந்து நின்றாள். கூட உட்கார்ந்திருந்த பெண்ணும் எழுந்தாள். ஆபீசம்மா பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இரும்புக் கால்கள் சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்டன. மேஜைக்கும் பெஞ்சுக்கும் நடுவே கையை விரித்து ஒரு சாண் அளந்தாள். போதாது. எட்டு மாதத்துக்கு இது போதாது. வாசலில் தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறு முனைக்குப் போய்க் காலை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி இழுத்தாள். பின் பெஞ்சுப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, தங்கள் பெஞ்சையும் பின்னால் நகர்த்த ஆரம்பித்தார்கள்.