குதிரைகள் சூழ்ந்த படகு

மூடுபனியில் காயல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று லவீனியாவுக்கே தெரியவில்லை. ஹார்க்கர்ஸ் தீவுத் துறையை விட்டுக் கிளம்பிய படகு, பாலில் மிதக்கும் இலைபோல் எதிரே இருந்த ஷேக்கிள்ஃபோர்டு மணல்தீவை நோக்கி நகர்ந்தது.

படகோட்டும் அவளைத் தவிரப் படகில் இரண்டே பேர். டெஸ்ஸாவுக்கும் கார்வருக்கும் அன்று மதியம் கல்யாணம். தேவாலயத்துக்குப் போகுமுன் காட்டுக்குதிரைகளைப் பார்த்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் டெஸ்ஸா. தலைமுடியில் சுருள் கிளிப்புகள் அப்படியே இருந்தன.

"கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை பொண்ணைப் பார்க்கக் கூடாதாம்" என்றான் கார்வர். "இந்தப் பனியில எங்க பார்க்கிறது? பக்கத்துல உக்காந்திருக்கிறது டெஸ்ஸாதானான்னே சந்தேகமா இருக்கு."

"கிள்ளிக் காட்டட்டுமா?"

லவீனியா சிரித்தாள். ஆனால் கண்கள் நீரிலேயே இருந்தன. அப்பா இறந்தபின் அவருடைய இரண்டு படகுகளில் ஒன்று அவளுக்கு வந்திருந்தது. துறையில் நாலு பேர் எதிரில் அண்ணன் பர்ஜஸ் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். "ஒரே ஒரு தடவை உன் படகைக் கயிறு கட்டி இழுத்துட்டு வரவேண்டி வந்தா, சாவியை எங்கிட்ட குடுத்துடணும். சரியா?" அவளும் வீம்புக்குச் சரி என்றிருந்தாள்.

எங்கோ ஒரு குதிரை மூச்சுவிட்டது. ஈரமான, நீண்ட மூச்சு. பிறகு புல்லைக் கடித்துப் பறிக்கும் சத்தம்.

"கேட்டுதா?" என்று கிசுகிசுத்தாள் டெஸ்ஸா.

குதிரைகள் மிரளாமலிருக்க லவீனியா எஞ்சினை அணைத்தாள். மூவரும் மூச்சைப் பிடித்துக் காதுகொடுத்தார்கள். படகு தன்போக்கில் போனது. அந்த மயக்கத்தில், ஓதம் இறங்கி நீர் வற்றும் நேரம் என்பதை அவள் மறந்துவிட்டாள். அடியில் மெத்தென்று ஓர் உரசல். படகு தரைதட்டி நின்றுவிட்டது.

எஞ்சினைப் பின்னோக்கி முடுக்கினாள். மணல் குழம்பியதே தவிர, படகு அசையவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுற்றிலும் தண்ணீர் இறங்கி, மணல்திட்டு முதுகு காட்டியது.

"எப்ப கிளம்பலாம் அக்கா?"

"ஓதம் ஏறணும். சாயங்காலம் ஆயிடும்."

டெஸ்ஸாவின் முகம் வாடியது. கை தானாகத் தலையிலிருந்த சுருள் கிளிப்புகளைத் தடவியது.

வயர்லெஸ்ஸை எடுத்தால் காயல் முழுக்கக் கேட்கும். எடுக்காவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் அவளில்லாமல் காத்திருக்கும். லவீனியா எடுத்தாள்.

"அண்ணே, திட்டுல ஏத்திட்டேன். கல்யாணப் பொண்ணு இருக்கா. வா."

உடனே மற்ற படகுகளிலிருந்து நாலைந்து குரல்கள். "லவீனியா, அங்கேயே வீடு கட்டிடு!" "பர்ஜஸ், மறக்காம சாவியை வாங்கிட்டு வா!" அவள் வயர்லெஸ்ஸை அணைத்தாள். காது சுட்டது.

அப்போதுதான் அவை வந்தன.

பனிக்குள்ளிருந்து முதலில் கால்கள். பிறகு தொங்கும் பிடரி. செம்பழுப்புப் பொலிகுதிரை ஒன்று, மூன்று பெட்டைகள், காலெல்லாம் சேறான ஒரு குட்டி. நீர் வற்றிய திட்டின் புல்லை மேய வந்தவை, படகையும் ஒரு மேடாகவே நினைத்துக்கொண்டனபோலும். படகோரம் மேய்ந்தன. குட்டி படகின் மறைவில் படுத்துத் தூங்கிப்போனது. டெஸ்ஸாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையை உயர்த்தவில்லை.

தூரத்தில் ஓர் எஞ்சின் சத்தம் நெருங்கியது. சட்டென்று நின்றது. பனி விலகிய இடைவெளியில், தட்டைப்படகில் கயிற்றுச் சுருளோடு நின்றிருந்தான் பர்ஜஸ். தங்கையைப் பார்த்தான். குதிரைகளைப் பார்த்தான். எஞ்சினை உறுமவிட்டு இழுத்தால்தான் அவள் படகு நகரும்; உறுமினால் அந்தக் குட்டி தூக்கத்திலிருந்து அலறி ஓடும்.

குட்டியை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, நீண்ட கழியை எடுத்து ஊன்றி, குதிரைகள் இல்லாத பக்கமாகச் சத்தமில்லாமல் வந்தான்.

"செருப்பைக் கையில எடுத்துக்கம்மா" என்றான் டெஸ்ஸாவிடம், மெல்லிய குரலில். "மாப்பிள்ளை, நீங்களும்தான். இருமித் தொலைக்காதீங்க."

இருவரும் கணுக்கால் நீரில் நடந்து அவன் படகில் ஏறினார்கள். லவீனியா சாவியை உருவி நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"கயிறு கட்டணும்னு நான்தானே கூப்பிட்டேன்."

"கட்டினேனா?" பர்ஜஸ் தன் வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னான்: "எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. ஜோடியைக் கூட்டிட்டு வரேன். படகை யாரும் இழுக்கல. அது இங்க குதிரை பார்த்துட்டு நிக்குது."

பிறகு அவளைப் பார்த்து, "கல்யாண விருந்துல நண்டுக்குழம்பு. ஓதம் ஏறினதும் வந்துடு, உனக்கு எடுத்து வைக்கச் சொல்றேன், கழுதை" என்று கழியை ஊன்றினான்.

பனி அவர்களை மூடிக்கொண்டது. நெடுந்தூரம் போனபிறகே எஞ்சின் முனகியது. லவீனியா சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டைக்குதிரை ஒன்று தலைதூக்கி, புல்லை மென்றபடி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது.