ஆகாயத்தாமரைத் தாம்பூலம்

இயற்கையைக் காப்பதற்கென்றே யுகத்துக்கு ஒரு மனிதர் பிறக்கிறார்; இந்த யுகத்துக்கானவர் திருத்தணியில் பிறந்துவிட்டார்.

பசுமைத் தணிகைப் பேரியக்கத்தின் துண்டறிக்கை அப்படித்தான் தொடங்கியது. பிறந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ராஜகோபால். துண்டறிக்கையை எழுதியவரும் அவரே. பேரியக்கத்தில் அவரைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மனைவி பிரபாவதி. இன்னொருவன் பிரபாவதியின் தம்பி முருகவேல். தான் உறுப்பினர் என்பது அவனுக்குத் தெரியாது.

முருகவேல் பொதட்டூர்பேட்டையில் ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு விசைத்தறிகளையும் விற்றுவிட்டு, திருத்தணிக்கு மேற்கே கோணத்தாங்கல் என்ற சிறிய ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தான். தறிச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. மீன் சத்தம் போடாது என்பது அவன் எண்ணம். கடைசிவரை அது போடவும் இல்லை. தாங்கல் கெட்டால் திரும்பிப் போகத் தறி கிடையாது. அவன் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். ராஜகோபாலுக்கும் தெரியும்.

தைக் கிருத்திகைக்கு முந்தைய வாரம் ராஜகோபால் சென்னை போய்விட்டுத் திரும்பும் வழியில், சாலையோரக் குட்டை ஒன்று முழுக்க ஊதாப் பூவாக நிற்பதைக் கண்டார். காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். மேலிதழில் நீலத் திட்டு, அதன் நடுவே மஞ்சள் பொட்டு. அச்சு அசல் மயில்தோகைக் கண்; முருகனுக்கே உரிய பூ என்று தோன்றியது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரிடம் பெயர் கேட்டார்.

“ஆகாயத்தாமரைங்க.”

அந்தச் செடியைப் பாதி ஊர் வெங்காயத்தாமரை என்றுதான் சொல்லும். பஞ்சர் கடைக்காரரும் அப்படிச் சொல்லியிருந்தால் கோணத்தாங்கலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வெங்காயம் சேர்ந்த எதையும் ராஜகோபால் முருகனுக்குப் படைக்க மாட்டார். ஆனால் கடைக்காரர் ஆகாயம் என்றார். கூடவே தாமரை என்றார். வீட்டுக்கு வந்து பழைய வைத்திய நூலைப் புரட்டினால் ஆகாயத்தாமரை இருமலுக்கு நல்லது என்று இருந்தது. அது அதே பெயர் கொண்ட வேறு செடி. நூலில் படம் இல்லை.

குட்டையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் அள்ளி வந்த செடிகளைக் கோணத்தாங்கலில் விட, மாலையும் கையுமாகக் கரையில் நின்றார்.

“பாவா, இன்னா இது?” என்றான் முருகவேல்.

“தேவலோகத்துப் பூடா.”

“மீனுக்கு ஆவுமாங்க?”

“உணவுச் சங்கிலின்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கியா? செடி பெருகினால் புழு பூச்சி பெருகும். புழு பூச்சி பெருகினால் மீன் பெருகும். மீன் பெருகினால்?”

“நான் பெருத்துடுவேன்.”

“அதுதான் சூழலியல்” என்று பக்கெட்டைக் கவிழ்த்தார்.

சங்கிலியின் முதல் கண்ணி தண்ணீருக்குள் இறங்கும் வெயில். அதை அவர் சொல்லவில்லை. தமிழ்ப் பாடத்தில் அது வராது.

செடி வாரத்துக்கு ஒருமுறை இரட்டித்தது. ஊர்ச் சாக்கடை மொத்தமும் தாங்கலில்தான் வந்து விழுந்தது. செடிக்கு அது நெய்ச்சோறு. அதைத் தின்று அடக்கி வைக்கிற வண்டு, செடியின் பிறந்த மண்ணான தென்னமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. பக்கெட்டில் அதற்கு இடம் போடவில்லை. பங்குனியில் முக்குளிப்பான் குருவிகள் போயின. சித்திரையில் ஒரு மீன்கொத்தி மின்கம்பியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது. அலகு நுழையத் தண்ணீர் தெரியவில்லை. பிறகு அதுவும் வரவில்லை. தவளைகள் எப்போது நிறுத்தின என்று யாரும் கவனிக்கவில்லை. தாங்கலில் ஒருவகை தியான அமைதி நிலவுவதாக ராஜகோபால் ஒரு கூட்டத்தில் பேசினார்.

வைகாசியில் அவர் மகள் சினேகாவுக்குக் கல்யாணம். பசுமைத் திருமணம் என்று பத்திரிகையிலேயே போட்டாயிற்று. தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உறையில் ஒரு ஆகாயத்தாமரைக் கன்று. கூடவே ராஜகோபாலின் புகைப்படம் போட்ட அட்டை: ‘தெய்வ மலரை வாடவிடாதீர், உங்கள் ஊர் ஏரியில் விட்டு அறம் வளர்ப்பீர்.’

மாப்பிள்ளையின் தகப்பனார் ஹரிஹரன், ஆந்திராவில் நகரிப் பக்கத்து வக்கீல். பையைப் பிரித்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நகை ஏதோ குறைந்துவிட்டது என்று பிரபாவதி பயந்தாள்.

“சம்பந்தி, இது குர்ரப்பு டெக்க கதா?”

“என்ன சொல்றீங்க?”

“குதிரைக் குளம்பு. எங்க பக்கம் இதுக்கு அதாங்க பேரு. ஒரு செருவையே, முழு ஏரியையே, முழுங்கிடுச்சு. பொக்லைன் வெச்சு வாரியும் லேசுல போவலை.”

ராஜகோபால் பரிதாபமாகப் புன்னகைத்தார். “தமிழன் பார்த்தால் தாமரை. நீங்கள் பார்த்தால் குளம்பு. மொழிக்கு மொழி ரசனை வேறுபடும், சம்பந்தி.”

மாப்பிள்ளை வீட்டார் இன்னும் சாப்பிடவில்லை. சண்டை வேண்டாம் என்று நினைத்தார் ஹரிஹரன். தன் பையை மட்டும் நாற்காலிக்கு அடியில் விட்டுவிட்டு எழுந்தார். ஆளை அனுப்பி, அதை அவர் காரிலேயே கொண்டுபோய் வைக்கச் சொன்னார் ராஜகோபால்.

ஆடி பிறந்தபோது மீன்கள் வாயைத் திறந்தன. விடியற்காலையில் முருகவேல் படகைத் தள்ளிக்கொண்டு போய் இலைகளை விலக்கிப் பார்த்தால், அந்த இடைவெளியில் நூற்றுக்கணக்கான வட்ட வாய்கள் மேலே வந்து காற்றை விழுங்கின. சத்தமே இல்லை. அவன் கையை எடுத்ததும் இலைகள் மூடிக்கொண்டன. நேரே அக்கா வீட்டுக்கு ஓடினான்.

“மூச்சு முட்டுது பாவா அதுங்களுக்கு. ஆளை வெச்சு வாரிடுறேன். ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அவன் அனுமதி கேட்டதற்குக் காரணம் உண்டு. தாங்கலைப் பேரியக்கம் தத்தெடுத்திருப்பதாகக் கரையில் பலகை இருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் சென்னை மன்றம் ஒன்று ராஜகோபாலுக்கு ‘ஏரித் தந்தை’ பட்டம் தரப்போகிறது. இந்தக் கரையிலேயே விழா.

“வர்றவங்க பசுமையைப் பார்க்கத்தானே வர்றாங்க? பட்டம் வாங்குற அன்னைக்குக் குளத்தை மொட்டையடிச்சு வைக்கச் சொல்றியா?”

“மீன் செத்துப்புடும் பாவா.”

“தந்தைன்னு பட்டம் கொடுக்கிறாங்கடா. சும்மாவா கொடுப்பாங்க?”

“அப்பன் பண்ற வேலையா இது?” என்றான் முருகவேல். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தான். பிரபாவதி குழம்பைக் கிளறிக்கொண்டே, “விழா முடியட்டும் நைனா. நாலு நாளுதானே” என்றாள். தம்பியை அவள் செல்லமாக நைனா என்று கூப்பிட்டால் அவனால் மறுக்க முடியாது.

அனுமதி இல்லாமலே இரண்டு நாள் தனியாகப் பிடுங்கிப் பார்த்தான். கரையில் குவித்ததை மழை திரும்ப உள்ளே தள்ளிவிட்டது.

விழா நாளில் காற்று இல்லை. பந்தலில் ஒரு வாடை நின்றது. முதல் வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. சிறப்பு விருந்தினர் மூக்கைத் தடவிக்கொண்டே, மண்ணின் மணம் என்று பேச்சைத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் தாங்கல் கரையிலிருந்து கரைவரை வெட்டாத புல்வெளிபோலப் பச்சையாகக் கிடந்தது.

அதைப் புல்வெளி என்று நம்பியது, கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த கௌரியம்மாளின் எருமை. ‘ஏரித் தந்தை’ என்ற சொல் ஒலிபெருக்கியில் முழங்கிய நேரம், அது கரையிலிருந்து இறங்கி ஒரு வாய் மேய்ந்தது. இன்னும் இரண்டு அடி வைத்தது. காணவில்லை.

“ஐயோ, என் மாடு!”

பச்சை ஓரிடத்தில் குமுறியது. கொம்பு வந்தது, முதுகு வந்தது. எருமைக்கு நீந்தத் தெரியும். நீந்த விடாமல் வேர்கள் காலைப் பின்னின. கடைசியில் அது கிழித்துக்கொண்டு கரையேறியபோது, மயில்தோகைக் கண் பதித்த ஊதாப் பூக்கள் எமன் வாகனத்தின் கழுத்தில் மாலையாகத் தொங்கின. மேடையில் ராஜகோபாலின் கழுத்திலும் மாலை இருந்தது. புகைப்படக்காரர் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

பிறகுதான் எல்லோரும் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். எருமை கிழித்த இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. அதில் ஒரு வெள்ளை வயிறு மிதந்து வந்தது. அப்புறம் நாலைந்து. அப்புறம், அடியில் யாரோ தள்ளிவிடுவதுபோல, ஓட்டை நிறைந்து தண்ணீர் மறையும்வரை வந்துகொண்டே இருந்தன. இரண்டு மூன்று நாளாகச் செத்து, இலைக்கு அடியில் இருந்திருக்கின்றன.

முருகவேல் வேட்டியோடு இறங்கினான். ஒன்றை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். கையில் வைத்துக்கொள்ள இடமில்லாமல் அப்படியே நின்றான்.

“பருவநிலை மாற்றத்தின் கொடுமை” என்றார் ராஜகோபால் ஒலிபெருக்கியில். யாரும் கைதட்டவில்லை. சிறப்பு விருந்தினரின் கார் கிளம்பிவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் முருகவேல் அக்கா வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தான். பிரபாவதி வைத்த காபியைத் தொடவில்லை. ராஜகோபால் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அப்போது அவருடைய செல்போன் அடித்தது.

“ஏரியில பூ விடச் சொன்ன வாத்தியாருங்களா? ஆர்.கே.பேட்டையிலருந்து பேசறேன். இங்க ஏரி மூடிகினு வருதுங்க. மீனுங்கல்லாம் மேல வந்து வாயைத் தொறந்துகினு கீது. இன்னா பண்றது?”

ராஜகோபால் தொடர்பைத் துண்டித்தார். உடனே மறுபடி அடித்தது. கனகம்மாசத்திரத்தில் ஒரு குளம். அடுத்தது பொதட்டூர்பேட்டை. அதற்கடுத்தது ஹரிஹரன். கார் டிரைவர் பையை வீணாக்க மனமில்லாமல் தங்கள் ஊர்ச் செருவில் விட்டுவிட்டானாம். போன தடவை வாரியதே இப்போதுதான் காய்ந்து முடிந்ததாம்.

“இதுங்களுக்கெல்லாம் என் நம்பர் எப்படிடா கிடைச்சுது?” ராஜகோபாலின் மேடைக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

போன் மேசைமேல் அதிர்ந்து நகர்ந்தது.

“எடுங்க பாவா” என்றான் முருகவேல்.

தாம்பூலப் பைகள் ஐந்நூறு. ஒவ்வொன்றிலும் இருந்த அட்டையில், புகைப்படத்துக்குக் கீழே, அவர் சொல்லித்தான் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.