கீழ்த்தட்டில் படுக்காதவள்

1

இந்தக் கதை எனக்குக் கை நிறையக் கோட்டுகளோடு நின்ற ஒரு பெண்ணிடமிருந்து கிடைத்தது. ஜெர்மனியில், டோர்ட்மண்ட் கால்வாய்த் துறைமுகத்தில் பழைய அடிமைக் கப்பலொன்றை அதே அளவில் மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அடிமைத்தனம் அன்று எப்படி இருந்தது, இன்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டத்தான். கீழ்த்தட்டில் பார்வையாளர்கள் அந்த அடிமைகளைப் போல நெருக்கியடித்துச் சற்று நேரம் படுக்க வேண்டும். பார்க்க வந்த பாலாம்பிகை குடும்பத்தோடு படுத்தாள். அவர்களுடைய கோட்டுகளை, கூட வந்த கொறற்றி சுமந்துகொண்டு நின்றாள்.

2

முதலில், ‘கப்பலின் மரம் விம்மியது’ என்று தொடங்கினேன். மரமாவது விம்முவதாவது! அடித்துவிட்டேன்.

படிக்க வைக்கிறோம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவரப்பட்டவள் கொறற்றி. பாலாம்பிகையின் வீட்டில் சமைக்கிறாள், துவைக்கிறாள், பிள்ளைகளைப் பார்க்கிறாள். சம்பளம் இல்லை. ‘எங்கட பிள்ளை மாதிரி’* என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

(* பெற்ற பிள்ளைகள் ‘மாதிரி’ இல்லை, அவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.)

3

கப்பலின் வழிகாட்டி ஆரணி, பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் தமிழ்ப் பெண். “அக்கா, நீங்களும் வந்து படுங்கோவன்,” என்றாள்.

படுத்தபடியே பாலாம்பிகை, “அவ வேண்டாம். கோட்டெல்லாம் ஆர் வைச்சிருக்கிறது?” என்றாள்.

ஆரணிக்குச் சுருக்கென்றது. கொறற்றியை ஏணிப் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்கட பாஸ்போட் ஆரிட்ட இருக்கு?”

“பாலாம்பிகை அக்காட்ட. பத்திரமா இருக்கு.”

“இருக்கிற தெருவின்ர பேர்?”

கொறற்றி யோசித்தாள். தெரியவில்லை.

“உங்களுக்கு உதவி எடுக்கலாம் அக்கா. நான் கதைக்கட்டே?”

“ஐயோ, வேண்டாம். வெளியில கதைச்சால் பிடிச்சு அனுப்பிப்போடுவினம் எண்டு அக்கா சொன்னவ.” சொல்லிவிட்டுக் கோட்டுகளை மற்றக் கைக்கு மாற்றினாள். பிறகு மெல்ல, “உண்மையா அனுப்புவினமோ?” என்று கேட்டாள்.

4

நான் எழுதிப் பார்த்த முடிவுகளைச் சொல்கிறேன். ஒன்றில் கொறற்றி ஓடிவிடுகிறாள். எந்தப் பக்கம் ஓடுவாள்? இன்னொன்றில் போலீஸ் வருகிறது, பாலாம்பிகை தலையில் அடித்துக்கொண்டு…

(முடிக்க முடியவில்லை. அவளைக் கொடுமைக்காரியாக எழுதப் பார்த்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.)

மேலே ஏறி வந்தபோது பாலாம்பிகை உண்மையாகவே அழுதுகொண்டிருந்தாள். கொறற்றியைக் கட்டிப்பிடித்தாள். “பாவங்களடி, எப்பிடிக் கிடந்துதுகளோ! ஒரு சனம்கூடக் கேக்கேல்லையே?”

ஆரணி வாயைத் திறந்தாள்.

அவள் சொன்னதை எழுத மாட்டேன். எழுதினால், ஆரணி பார்த்துக்கொள்வாள் என்று நீங்கள் நிம்மதியாக எழுந்து போய்விடுவீர்கள். பாலாம்பிகை வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்கு நீங்களும் போனவர்தானே. கொறற்றி போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, அவள் யாரென்று கேட்காமல் வந்தவர்தானே. முடிவு உங்களிடம் இருக்கிறது. போய்க் கதவைத் தட்டுங்கள். கொறற்றிதான் வந்து திறப்பாள்.